தொப்பி போட்ட எழுத்து

விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக் குருநகர் வந்திருக்கிறேன். பாரிசில் மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. அண்ணாவின் விசைப்பலகையில் பிரெஞ்சு எழுத்துகள் இல்லை. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண்களில் 0233 தட்டினால், ஆங்கில 'இ' (e) எழுத்து தலையில் சாய்கோட்டுடன் வரும். 0234 என்றால் கூரை மாதிரி ஒரு தொப்பியுடன் வரும். நான் ஒவ்வொன்றாகத் தட்டுவதைப் பார்த்துவிட்டு அண்ணா கேட்டார்: "கோடு போடாட்டி அவைக்கு விளங்காதோ?"

பெரும்பாலும் விளங்கும்தான். ஆனாலும் எனக்கு நடந்ததை அவருக்குச் சொன்னேன்.

பிரெஞ்சு விசைப்பலகையில் சாய்கோட்டு எழுத்துக்குத் தனி விசை உண்டு. அது 2 இருக்கும் விசை. ஷிஃப்ட் அழுத்தினால்தான் 2 வரும். தொப்பிக்கு முதலில் தொப்பி விசை, அப்புறம் எழுத்து. போன புதிதில் எனக்குக் கைக்கு வந்தது சாய்கோடு. எல்லா இடத்திலும் அதையே போட்டேன்.

ஒரு மீன்கடைக்கு வேலை கேட்டு எழுதினேன். அப்பா கடற்றொழிலாளி, எனக்கு மீன் தெரியும் என்று. கடற்றொழிலாளிக்கான பிரெஞ்சுச் சொல் 'பெஷர்'. தொப்பி போட்டால் மீன்பிடிப்பவர். சாய்கோடு போட்டால் பாவி. அனுப்பிய பிறகுதான் பிரெஞ்சு வகுப்பு ஆசிரியையிடம் பிரதியைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த எழுத்தில் விரலை வைத்தார். விளங்கியதும் தொண்டை அடைத்துவிட்டது. உள்ளங்கை முழுக்கத் தங்கூசித் தூண்டில் நூல் அறுத்த தழும்போடு எங்களை வளர்த்த மனுஷனைப் பாவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு பூசையில் அருள் நிறைந்த மரியே செபத்தைப் பிரெஞ்சில் சொன்னார்கள். நாங்கள் 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்று சொல்லும் இடத்தில் அதே 'பெஷர்' காதில் விழுந்தது. கேட்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், எழுத்தில்தான் பிரிகின்றன. நமக்கும் இந்தச் சிக்கல் இருந்ததுதானே. அந்தக் காலத்தில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைத்தால் குறில். ஓலையில் பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். எழுதியிருப்பது 'கொடு' என்பதா 'கோடு' என்பதா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்த பிறகுதான் அது தெளிந்தது.

சரியாகப் போட்டாலும் வழியில் குலைவதுண்டு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் சாய்கோட்டு எழுத்து இரண்டு பைட், அதாவது இரண்டு சேமிப்பு அலகு. ஒரு பைட்டை ஓர் எழுத்தாக எண்ணும் பழைய முறையில் திறந்தால், சம்பந்தமில்லாத இரண்டு குறிகள் தெரியும். அண்ணாவுக்கு இது உடனே பிடிபட்டது. முன்பு அவர் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டி அனுப்பிய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத என் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் வந்தன. அம்மாவுக்குச் சுகமில்லை என்ற செய்தியும் அப்படித்தான் வந்தது. வாசிக்க முடியாமல் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

மின்னஞ்சலை அனுப்பிவிட்டுக் கணினியை மூடப் போனேன். "பொறு," என்றார் அண்ணா. "அப்பான்ர சொல்லை ஒழுங்கா எழுதிக் காட்டு பாப்பம்."

வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, 0234 தட்டி, எழுதிக் காட்டினேன்.