கோலமாவில் போட்ட குசினி

எங்கள் குசினியை உடைக்க வைத்தது கரையான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்தபோது அப்பா வாங்கிய வரிசை வீடு அது. போன வருஷம் ஒரு நாள் சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. உள்ளே சிப்போர்டு கேபினட் மண்ணாகிக் கிடந்தது.

“ஆறு மாசமா சொல்றேன், ராத்திரி உள்ள கறகறன்னு கேக்குதுன்னு” என்றார் அம்மா. நான் ஈப்போவில் வேலை செய்துகொண்டு சனி, ஞாயிறு மட்டும் வருகிறவன். எனக்கு எங்கே கேட்டது?

முதலில் நான் செய்ததெல்லாம் தப்பு. கைப்பேசியில் நாற்பது படம் சேர்த்தேன். எல்லாம் வெள்ளை வெளேரென்று, மேடையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தவிர ஒன்றுமே இல்லாத குசினிகள். எங்களுடையது பத்தடிக்கு எட்டடி. அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுல கிரைண்டரை எங்கய்யா வைக்கிறது?”

அடுத்த சனிக்கிழமை கார் போர்ச்சைக் கூட்டிவிட்டு, குசினியின் அளவுக்கே கோலமாவால் கோடு போட்டோம். அடுப்புக்கு ஒரு சதுரம், சிங்குக்கு ஒரு சதுரம், ஐஸ்பெட்டிக் கதவு திறக்கும் அளவுக்கு ஒரு வளைவு. அம்மாவை உள்ளே நிற்க வைத்து, சாம்பார் வைக்கச் சொன்னேன். சிரித்தார். அப்புறம் நிஜமாகவே வைக்க ஆரம்பித்துவிட்டார். பருப்பு எடுக்கக் குனிந்தார், கழுவத் திரும்பினார், தாளிக்கும்போது பெருங்காய டப்பாவுக்கு இடது கையை நீட்டினார். கை போன இடத்தில் என் ஐஸ்பெட்டி நின்றது. துடைப்பத்தால் அழித்து, அடுப்பைச் சன்னல் பக்கம் தள்ளினோம். மூன்று முறை அழித்துப் போட்டோம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்னக்கா, இப்பவே மார்கழி வந்திருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் உயரமும் பிடிபட்டது. கடைகளில் மேடை வழக்கமாக 85 முதல் 90 சென்டிமீட்டர் வரை வரும். அம்மா நாலடி பத்து அங்குலம். மடக்கிய முழங்கையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால்தான் காய் நறுக்கும்போது தோள் தூக்காது. அம்மாவுக்கு அது 80. மேடைமேல் வைக்கும் அடுப்பு என்பதால் அதன் உயரமும் சேருமே, அந்த இடத்தை மட்டும் 70க்கு இறக்கச் சொன்னேன். குசினி கட்டித் தரும் தவுக்கேவுக்கு, அதாவது முதலாளிக்கு, அது பிடிக்கவில்லை. ரெண்டு தட்டாக இருந்தால் வீட்டை விற்கும்போது விலை போகாது என்றார். “நான் எங்க விக்கப் போறேன்?” என்றார், முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா.

மேடையைக் கொங்கிரீட்டிலும் கதவுகளை அலுமினியத்திலும் முடிவு செய்தோம். இரண்டையும் கரையான் தின்னாது. ஆனால் வீட்டில் கரையான் இருக்கத்தானே செய்கிறது? ஓடு ஒட்டும் முன்பே தரைக்கு மருந்து அடித்தோம்.

விலை கேட்டது மூன்று பேரிடம். கேபினட்டை அடிக்கணக்கில் சொல்வார்கள். ஒரு சுவர் ஒன்பதடி, மறு சுவர் ஆறடி, மொத்தம் பதினைந்து என்றார் ஒருவர். மூலையில் இரண்டடி ரெண்டு சுவருக்கும் பொது. அதை இரண்டு முறை எண்ணியிருந்தார். அடிக்கு 280 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 560 வெள்ளி காற்றுக்கு. கேட்டதும் சிரித்துக்கொண்டே குறைத்தார். கேட்டிருக்காவிட்டால்?

பின்பக்கம் நாலடி நீட்டிவிடு என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். நீட்டினால் நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். எடுக்காமல் கட்டினால் இடிக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இருக்கிற சுவருக்குள்ளேயே முடித்துக்கொண்டோம்.

எங்கெங்கே எத்தனை பிளக் என்ற கணக்கை ஓடு ஒட்டும் முன்பே எழுதிக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அடுப்புக்குக் கீழே கட்டை வைக்காமல் விட்டதும் அப்படித்தான்: கேஸ் தோம்பை (சிலிண்டரை) அம்மா தூக்க வேண்டாம், உருட்டி உள்ளே விட்டால் போதும்.

நாள் கணக்கைத்தான் தப்பாகப் போட்டேன். ஐந்து வாரத்தில் முடியும் என்றார்கள். நடுவில் முஸ்லிம்களின் ஹரிராயாப் பெருநாள் வந்தது. ஓடு ஒட்டுகிறவர்கள் இந்தோனேசியாவுக்கு ஊருக்குப் போனவர்கள், மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார்கள். அதுவரை அந்தக் கோலமாவுக் கோட்டுக்குள்ளேயே ஒற்றை அடுப்பை வைத்து அம்மா சமைத்தார்.

கடைசித் தவணை 1,500 வெள்ளியைக் கொடுக்க வேண்டிய அன்று, அம்மா ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் வடிகுழியை விட்டு நேராக ஐஸ்பெட்டிக்கு அடியில் போனது. தவுக்கே ஒன்றும் பேசவில்லை. ஆறு ஓடுகளைப் பெயர்த்து, சரிவு வைத்து மறுபடி ஒட்டினார்கள். நாலு நாள் கழித்து இன்னொரு வாளி. இந்த முறை தண்ணீர் குழியைத் தேடிப் போனது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பணத்தை எண்ணினார்.