ரஜாய்க்குள் பொங்காத மாவு

தில்லி ஜனவரியில் பத்து, பதினோரு மணிக்கு மேல்தான் வெயில் தலைகாட்டும். ஞாயிற்றுக்கிழமையானால் ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் பாயை விரித்துவிடுவோம். உரிக்க ஒரு கூடைப் பச்சைப் பட்டாணி. மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நேரே மாடிக்கு ஏறி வருகிறவர்களும் உண்டு. யார் எதைத் தொடங்கினாலும் பேச்சு சாப்பாட்டில் போய்த்தான் நிற்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருடம் என் கவலை இட்லி மாவு. கோவில்பட்டியில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். இங்கே ரஜாயில், அதாவது கனத்த பஞ்சுப் போர்வையில், சுற்றி வைத்து ஒன்றரை நாள் ஆகியும் வைத்த மட்டத்திலேயே கிடந்தது. பிள்ளைகளுக்கு மூன்றாவது வாரமாக இட்லி இல்லை. சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

“உப்பு எப்போ போட்டே?” என்றார் கீழ்வீட்டுத் தஞ்சாவூர் மாமி.

ஆட்டினதுமே போட்டேன் என்றேன்.

“அது வெயில் ஊருக்கு. சீக்கிரம் புளிச்சுடக் கூடாதுன்னு போடறது. இங்கே பொங்கினப்புறம் போடு.”

நாகர்கோவில் அக்கா, “கை விட்டுக் கலக்கினியா மக்ளே?” என்று கேட்டார். கலக்கியிருந்தேன். அப்போதுதான் அக்காவின் தம்பி வாயைத் திறந்தான். நுண்ணுயிரியல் படிக்கிற பையன், அதிகம் பேசமாட்டான்.

“மாவைப் பொங்க வைக்கிற லியூகோநாஸ்டாக் பாக்டீரியா உளுந்தோடவே வந்துடும், அக்கா. அதுக்கு வேண்டியது சூடு. 30 டிகிரி இருந்தா நல்லா வேலை செய்யும். ரஜாய் சூட்டை உண்டாக்காது, இருக்கறதைக் காப்பாத்தும், அவ்வளவுதான். ஜில்லுனு இருக்கற மாவைச் சுத்தி வச்சா அது ஜில்லுனேதான் இருக்கும்.”

எனக்கு உடனே விளங்கியது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் அந்த மாதத்தில் விரலை மரத்துப்போக வைக்கும். அதில்தான் ஊறப்போட்டேன், அதையே விட்டுத்தான் அரைத்தேன்.

என்ன இவ்வளவு தீவிரமான பேச்சு என்று எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி கேட்டார். இந்தியில் சொன்னோம். குளிர்காலத்தில் தயிர் உறைய அவர் பாத்திரத்தை ஆட்டா டப்பாவுக்குள் புதைத்து வைப்பாராம், அவர் அம்மாவும் அப்படித்தானாம்.

சரி என்று அன்றே நாலு பங்கு இட்லி அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் ஊறப்போட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, உப்பில்லாமல் கலக்கி, மூடி, அரிசி டிரம்முக்குள் கழுத்துவரை புதைத்தேன். மறுநாள் மத்தியானம் திறந்தால் மாவு மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்டி விட்டதும் உஸ்ஸென்று அமுங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மாடியில் இருந்த எல்லோருக்கும் ரெண்டு ரெண்டு இட்லி, மிளகாய்ப்பொடியோடு.

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி எங்களுக்காகப் பத்துவாக் கீரையில் ராய்தா செய்து கொண்டுவந்தார். மிச்சக் கீரை ஒரு கட்டு அவர் பையில் இருந்தது. மாமி அதை எடுத்து, ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் மாவு பூசினமாதிரி வெள்ளையாக இருந்தது.

“இது சக்கரவர்த்திக் கீரையாச்சே!”

முப்பது வருஷமாகத் தள்ளுவண்டியில் பார்த்தும், பராத்தாவுக்குப் போடுகிற ஏதோ வடக்கத்திக் கீரை என்று மாமி வாங்காமலே விட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கோதுமை வயலில் தானாக முளைக்கும், பிடுங்கி மாளாது என்றார் ஆன்ட்டி. மாமிக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. பாசிப்பருப்பு, சீரகம், ஒரு கை தேங்காய் என்று அம்மாவின் மசியலை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் எனக்கே சொல்வதுபோலச் சொன்னார்:

“கொல்லைல கிணத்துக்குப் பக்கத்துல இருந்தது. அம்மா என்னைத்தான் பறிச்சுண்டு வரச் சொல்லுவா.”

அந்தக் கீரைக் கட்டை ஆன்ட்டி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.