கட்டடத்துக்கு அடியில் ஒரு முடுக்கு

ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் பழைய நகரத்தில் ஹை ஸ்ட்ரீட் ஒரு மேட்டின் உச்சியில் ஓடுகிறது, அதன் இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரி சந்துகள் சரிந்து இறங்குகின்றன. அங்கே அவற்றுக்குப் பெயர் குளோஸ். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் முடுக்கு என்போமே, அதேதான்: எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அப்படி ஒரு முடுக்கு, மேரி கிங்ஸ் குளோஸ், இப்போது ஒரு பெரிய கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. டிக்கெட் வாங்கிப் படியிறங்கித்தான் பார்க்க முடியும்.

இந்த இடத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் பேய்க் கதைதான். 1645 பிளேக்கில் நோயாளிகளை உயிரோடு உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய், கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நோய் வந்த வீட்டில் சன்னலில் வெள்ளைத் துணி கட்டுவார்களாம், அதைப் பார்த்து ரொட்டியும் கரியும் கொண்டுவந்து கொடுப்பார்களாம். சாகப் போகிறவர்கள் என்று கைவிட்ட ஊர் இல்லை அது.

சந்து மூடியதற்குக் காரணம் நோய் இல்லை, வியாபாரம். 1753இல் வணிகர்களுக்காக ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற மாளிகைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இடமோ செங்குத்தான சரிவு. என்ன செய்தார்கள் என்றால், இருந்த வீடுகளின் மேல் மாடிகளை இடித்துவிட்டு, கீழ் மாடிகளை அப்படியே விட்டு அவற்றையே அஸ்திவாரமாக்கிக்கொண்டார்கள். இவ்வளவும் செய்து கட்டிய மாளிகை வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் பழையபடி தெருவில் நின்றே பேரம் பேசினார்கள். பிறகு 1811இல் நகர நிர்வாகம் அதை எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறமும் சந்தின் கீழ்ப்பகுதியில் ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். 1850களில் காக்பர்ன் ஸ்ட்ரீட் போட்டபோது அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் போனது, அப்போதும் எல்லாரும் போய்விடவில்லை. ரம்பம் செய்யும் ஆண்ட்ரூ செஸ்னி என்பவர்தான் கடைசி, கட்டடத்தை விரிவாக்க வேண்டும் என்று 1902இல் அவரையும் கிளப்பினார்கள். மேலே கட்டடம் எழுந்து ஏறக்குறைய 150 வருஷம் கழித்து!

உள்ளே ஒரு சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் குதிரை முடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, பூச்சு பிடிப்பாக இருக்கட்டும் என்று சுண்ணாம்போடு கலந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், வழிகாட்டி இரண்டு தடவை கூப்பிட்டார். யாரோ ஒருவர் கையால் பிசைந்து அப்பியது, பேயை விட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. மேரி கிங்கும் அப்படித்தான்: துணி வியாபாரம் செய்த விதவை, பிள்ளைகளோடு இங்கே குடியிருந்தவர், 1644இல் இறந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் பெயரில் சந்து என்பது அபூர்வம்.

பக்கத்திலேயே சவுத் பிரிட்ஜ் என்ற பாலம், 1788இல் திறந்தது. 19 வளைவுகள், வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவற்றின் அடியில் உள்ள அறைகளில் செருப்புத் தைப்பவர்களும் சாராயக் கடைக்காரர்களும் இருந்தார்கள், தண்ணீர் ஒழுகி ஒழுகி அவர்கள் போனதும் போக்கிடமில்லாத ஏழைகள் வந்தார்கள், அப்புறம் மண்ணும் கல்லும் போட்டு மூடிவிட்டார்கள். 1980களில் தோண்டியபோது சிப்பி ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அன்றைக்கு ஏழைகளின் சாப்பாடு அது.

போகிறவர்கள் தயவுசெய்து ராத்திரிப் பேய் உலாவை விட்டுவிட்டுப் பகலில் போங்கள், வீடுகளைப் பற்றிக் கேளுங்கள். வெளியே வந்ததும் நான் காக்பர்ன் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கிப் போய், அந்த முடுக்கு முன்பு எந்த இடத்தில் வந்து சேர்ந்திருக்கும் என்று தேடினேன். கடைகள்தான் வரிசையாக இருந்தன.