மேய்ப்பன் காட்சியை வெட்டாதீர்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பள்ளி மேடைக்காக சோபோக்ளிஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகம் ஈடிபஸைச் சுருக்கினால், கிழ மேய்ப்பன் காட்சியில் கை வைக்காதீர்கள். தந்தையைக் கொன்று தாயை மணந்தவன் தானே என்று ஈடிபஸ் அறிவதும், முடிச்சு அவிழ்வதும் அங்கேதான்.

சோபோக்ளிஸ் தரும் கணக்கைப் பாருங்கள். கித்தேரான் மலையில் தீப்ஸ் நகரத்தவனான இந்தக் கிழவனிடம் இரண்டு மந்தை, கொரிந்து நகரத்து மேய்ப்பனிடம் ஒன்று. வசந்தத்தில் தொடங்கி, செப்டம்பர் விடியலில் சுவாதி நட்சத்திரம் தெரியும்வரை ஆறு மாதம். இப்படி மூன்று தடவை சேர்ந்து மேய்த்தார்கள். குளிர் வந்தால் அவரவர் பட்டிக்கு இறங்கிவிடுவார்கள். வறட்சி மாதங்களில் தோடர்கள் எருமைகளைக் குந்தாப் பக்கப் புல்வெளிக்கு ஓட்டிப்போனதை அறிந்த ஊரில் இதை விளக்கவே வேண்டாம். அத்தனை நாள் ஒரே மலையில் கிடந்த கொரிந்துக்காரனைத் 'தெரியாது' என்று எப்படிச் சொல்வது? கிழவன் மாட்டுவது அதனால்தான்.

கணுக்கால் துளைத்த குழந்தை ஈடிபஸைக் கொல்லச் சொல்லி, பெற்றவளான தீப்ஸ் அரசி யொகஸ்டா கொடுத்தது இந்தக் கிழவனிடம்தான். மனசு கேட்காமல் கொரிந்துக்காரனிடம் தந்துவிட்டான். ஈடிபஸின் தந்தையான அரசன் லையஸ் முச்சந்தியில் ஈடிபஸ் கையால் செத்தபோது உயிர் தப்பியவனும் இவனே. 'கொள்ளையர் பலர்' என்றான். தான் தனியாளாக இருந்ததால், அந்தப் பன்மையைத்தான் ஈடிபஸ் பிடித்துத் தொங்குகிறான். அரியணையில் ஈடிபஸைக் கண்டதும், ஊர் கண்ணில் படாத மேய்ச்சலுக்கு அனுப்பச் சொல்லி அரசியிடம் கெஞ்சியிருக்கிறான். எனவே இவனை வில்லனாக நடிக்க வைத்தால் காட்சி கெட்டுவிடும். பயந்த, இரக்கமுள்ள கிழவன் இவன்.

பேசும் நடிகர்கள் மூன்று பேர் போதும். சோபோக்ளிஸ் காலத்திலும் அவ்வளவுதான். கோரஸ் என்னும் பாடகர் குழு அப்போது 15 பேர், நமக்கு ஆறு பேர் இருந்தாலும் ஓடும். யொகஸ்டாவாக வந்தவரையே மேய்ப்பனாக்கலாம். அவள் கிரேக்க மூலத்தின் 1072ஆம் வரியில் போகிறாள், இவன் 1110ஐ ஒட்டி வருகிறான். நடுவில் ஈடிபஸின் பேச்சும் கோரஸின் சின்னப் பாட்டும் உண்டு. முகமூடியும் மேலாடையும் மாற்ற அந்த நேரம் போதும். பிள்ளையைக் கொடுத்தவளும் வாங்கியவனும் ஒரே உடம்பில் வருவது பார்ப்பவர் மனதில் தைக்கும்.

ஈடிபஸைத் தலைக்கனம் பிடித்தவனாகக் காட்டுவது இன்னொரு தவறு. நாயகன் விழக் காரணமாக அரிஸ்டாட்டில் சொல்லும் ஹமார்ட்டியா, அதாவது பிழை, அம்பு குறி தவறுவதிலிருந்து வந்த சொல். தீய குணத்தால் விழுந்தவன் அல்ல என்றும் அவரே சொல்கிறார். உண்மையைத் தேடுவதை நிறுத்த மறுக்கிறான், அவ்வளவே.

திறந்தவெளியில் போட்டால் மூன்று மணிக்குள் தொடங்குங்கள். மூடுபனி இறங்கினால் முகமூடிகள் பின்வரிசைக்குத் தெரியாது. கிழவனின் கையை முறுக்கச் சொல்லும் இடத்தில் அவசரம் கூடாது. 'சொல்லக் கூடாததைச் சொல்லப் போகிறேன்' என்று அவன் தயங்க, 'நானும் கேட்கப் போகிறேன். கேட்டே ஆகவேண்டும்' என்பான் ஈடிபஸ். அந்த இரண்டு வரிக்கும் இடையே ஒரு முழு மூச்சு விடட்டும்.