கவுன்சலிங் படிப்பு: முதலில் பதிவேடு, அப்புறம் காலேஜ்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் டிகிரி முடித்துவிட்டு கவுன்சலிங் படிக்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தக் காலேஜ் நல்லது என்பதைத்தான். படித்து முடித்த பின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜி நல்ல படிப்புதான். பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனம் என்று வேலை கிடைக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பதிவு எண் கேட்பார்கள். பலருக்கு விஷயம் அங்கேதான் தெரியவருகிறது.

இத்தனை வருடமாக இருந்த வழி, சைக்காலஜி முதுகலைக்குப் பின் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர்கள் மனநலத் துறையில் சோஷியல் வொர்க்கர் ஆக சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க் எம்.ஃபில். இந்த இரண்டு எம்.ஃபிலுக்கும் யு.ஜி.சி. 2025-26 சேர்க்கை வரைதான் நீட்டிப்பு கொடுத்தது. அதனால் இப்போது முதுகலையில் சேருகிறவர்கள், சீனியர் போன பாதையை அப்படியே நம்பக் கூடாது. சை.டி. (Psy.D., உளவியலில் டாக்டர் பட்டம்) போன்ற மாற்றுப் படிப்புகளை ஆர்.சி.ஐ. பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அங்கீகாரம் படிப்புவாரியாக, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்குத்தான்; நீங்கள் சேரும் வருடம் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

கிளினிக்கல் அல்லாத சைக்காலஜிஸ்ட்டுகளை 2021-ம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதையொட்டி, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. எஸ்டேட் வேலையை விடாமல் தபாலில் படிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு இது அடிதான். கோயம்புத்தூரில் ஹாஸ்டல் செலவையும் சேர்த்தே இனி கணக்குப் போட வேண்டும்.

காலேஜில் கேட்க வேண்டியது பயிற்சி நேரம் பற்றி. அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளை அங்கீகரிக்கும் கேக்ரெப் (CACREP) அமைப்பின் அங்கீகாரம் பெற்ற முதுகலையில் பிராக்டிகம் என்ற முதல் கட்டப் பயிற்சி 100 மணி நேரம், அதில் 40 நேரடியாக ஆலோசனை தருவது. இன்டர்ன்ஷிப் 600, அதில் 240 நேரடி. நம் ஊர் விதி வேறு. ஆனால் நேரடி நேரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தையும் பிரித்துக் காட்டச் சொல்லி இங்கேயும் கேளுங்கள். சில இடங்களில் பயிற்சி என்பது ஓ.பி.யில் சீட்டு எழுதுவதோடு சரி.

பயிற்சி நேரத்தை எழுதும் லாக் புத்தகத்தில் தேதி, நிமிடம், தனி அமர்வா குழுவா, சூப்பர்வைசர் கையெழுத்து என நாலு கட்டமாவது வேண்டும். கையெழுத்தை வாராவாரம் வாங்கிவிடுங்கள். சூப்பர்வைசர் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டால் ஆறு மாத நேரம் காகிதத்தில் இல்லாமல் போகும். மலையில் பயிற்சி என்றால் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் நேரம் உபரி வையுங்கள். மண் சரிந்து ரோடு அடைத்தால் அன்றைய அமர்வு அவ்வளவுதான்.

கேஸ் ரெக்கார்டில் பெயரை மறைத்தால் மட்டும் போதும் என்று நினைப்பது இங்கே சரிவராது. ஹட்டியின் (படகர் ஊர்) பெயரும் பையனின் வகுப்பும் எழுதினாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். தாலுகா, வயதுப் பிரிவு என்ற அளவில் நிறுத்துங்கள். பயிற்சி எந்த மொழியில் என்பதையும் கேளுங்கள். கூடலூரில் மலையாளம், ஹட்டிகளில் படக மொழி, எஸ்டேட் லைன்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் தமிழ். இங்கிலீஷ் கேள்வித்தாளை அப்படியே வாசித்துக் காட்டி மார்க் போட்டால், அந்த மதிப்பெண் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பணம் கட்டும் முன் போன பேட்ச்சில் முடித்த இரண்டு பேருக்குப் போன் போடுங்கள். பதிவு எண் வந்ததா, எத்தனை மாதத்தில் வந்தது, எந்தக் காகிதத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.