ஒன்பதாம் மாடியின் வெக்கை

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் சூப்பர், அதாவது கட்டடத்தைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். கழிவறை அடைத்தாலும் எலிவேற்றர் நின்றாலும் சனம் முதலில் வந்து கதவு தட்டுவது சூப்பரின் வீட்டில்தான். 2012இல் சேர்ந்தபோது, முன்பிருந்தவர் ஒரு வெப்பமானியைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "குளிருது எண்டு கூப்பிட்டால் கதைச்சுக்கொண்டு நிக்காதை. முதல் அள."

ரொறன்ரோவில் குளிருக்குச் சட்டம் இருக்கிறது. அந்த நாளில் செப்டெம்பர் 15 முதல் ஜூன் 1 வரை வீட்டுக்குள் 21 பாகைக்குக் குறையக் கூடாது. ஜனவரியில் பொய்லர் நின்றால் கட்டடக் கொம்பனி பாதிராத்திரியிலும் ஆள் அனுப்பும். வெக்கைக்கு அந்த அவசரம் இல்லை. குளிரூட்டி போட்டுக் கொடுத்த கட்டடத்தில் கோடையில் 26 பாகையைத் தாண்ட விடக் கூடாது. எங்களுடையதைப்போல, அறுபதுகளில் கட்டி, குளிரூட்டியே போடாத கட்டடத்துக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. எல்லா வாடகை வீட்டுக்கும் ஒரு உச்ச வெப்பம் வைக்கலாமா என்று நகரசபை சில வருஷமாக யோசிக்கிறது. பழைய மின்கம்பி தாங்குமா, செலவு யாருடையது என்று கேள்விகள். பெரிய திருத்த வேலை என்றால் வீட்டுக்காரர் வழமையான உயர்வுக்கு மேல் வருஷம் 3 வீதம் வரை வாடகை கூட்ட விண்ணப்பிக்கலாம். சனத்துக்கு அந்தப் பயமும் உண்டு.

2017 ஜூலையில் வாடகைக் கட்டடங்களைக் கண்காணிக்க நகரசபையின் 'ரென்ற்சேஃப்' திட்டம் வந்தது. மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத கட்டடம் எல்லாம் அதற்குள் அடக்கம். அவசர வேலைக்கு 24 மணி நேரத்துக்குள், மற்றதுக்கு 7 நாளுக்குள் வீட்டுக்காரர் நடவடிக்கை எடுக்க வேண்டும். கரப்பொத்தான் முறைப்பாடு என்றால் 72 மணி நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடித்திருந்தது. நான் வாயால் கேட்டுக் கிடைக்காத சாமான் நகரசபைக் கடிதம் வந்ததும் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா கட்டடத்துக்குப் புள்ளியும் போடுகிறார்கள். ஆனால் பார்ப்பது பெரும்பாலும் பொது இடங்களைத்தான். அந்தக் கிழமை எங்கள் லொபி கலியாண வீடு மாதிரி இருக்கும்.

ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கிற ஒரு அம்மாவிடம் ஒரு ஜூலை மாலை குழாய் பார்க்கப் போனேன். யன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள். கதிரையில் ஈரத் துவாய். விடிய ஐந்து மணிக்கே சமைத்துவிடுவாராம், பிறகு அடுப்பே இல்லை. அளந்தேன், 32. படுக்கை அறை யன்னலோ இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. அந்த யன்னல் சாமானுக்கு நான் மூன்று தரம் எழுதிப் போட்டிருந்தேன்.

"அம்மா, நகரசபையின்ர 311 நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்கோ. தமிழிலயும் கதைக்கலாம்."

"என்ன தம்பி, உங்களுக்கெல்லோ பேர் கெட்டுப்போகும்!"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முறைப்பாடு வந்தால்தான் இங்கே சட்டத்துக்கு உயிர். அவரோ எனக்காகப் பார்த்து வெக்கையில் கிடக்கிறார். பக்கத்து வீட்டில் வேறு காரணம்: கடைசி மாத வாடகை பிந்திவிட்டது, வாய் திறக்கப் பயம். எனக்கும் சம்பளம் அதே கொம்பனிதானே, அந்த அம்மாவுக்காக நான் போன் எடுக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெப்பமானியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டரில், நல்ல நேரத்துக்குக் கீழே, ஒவ்வொரு இரவும் எழுதி வைத்தார்: 31, 32, 32, 33. ஆவணியில் வந்த பேத்தி அதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் 311க்கு அடித்தாள்.

நகரசபை அதிகாரி வந்தார். கலண்டரை நிதானமாகப் பார்த்தார். இதுக்கு எழுத எனக்குச் சட்டம் இல்லை என்றார். பிறகு யன்னலைத் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. அதுக்குச் சட்டம் இருந்தது, உத்தரவு எழுதினார்.

அடுத்த கிழமையே சாமான் வந்தது. பூட்டி முடித்து அவர் தந்த மோரைக் குடித்துவிட்டு இறங்கினேன். அன்றிரவு கலண்டரில் 30.