குழந்தையின் கண்ணில் சதை இருந்தால் முதலில் கேட்க வேண்டியது

என் மகளுக்கு வலது கண்ணில், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், கீழே காதுப் பக்கமாக, பிறந்ததிலிருந்தே வெளிர்மஞ்சளாக ஒரு சின்னச் சதை இருக்கிறது. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அதில் மெல்லிய முடி ஒன்று முளைத்திருப்பதுகூடத் தெரியும். லிம்பல் டெர்மாய்டு என்கிறார்கள். தோலில் இருக்க வேண்டிய திசு கருவிலேயே இடம் மாறி கண்மேல் அமைந்துவிடுவது. புற்றுநோய் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் "எப்போ ஆபரேஷன்?" என்றுதான் கேட்கிறார்கள், "பாப்பாவுக்கு அந்தக் கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை, எனக்கு அதுதான் ஆதங்கம்.

ஏனென்றால் அந்தச் சதை கருவிழியின் வளைவையே மாற்றி சிலிண்டர் பவரை, அதாவது வளைவு சீராக இல்லாததால் பார்வையை மங்கவைக்கும் பவரை, ஏற்றிவிடும். ஒரு கண் மங்கலாகவே இருந்தால் மூளை அதை ஒதுக்கிவிடும், சோம்பேறிக் கண் என்பது அதுதான். சதையை எடுத்தாலும் பவர் பெரும்பாலும் போகாது. அதனால் சொட்டு மருந்து விட்டு பவர் பார்ப்பது ரொம்ப முக்கியம். எங்களுக்கு இப்போதைக்குக் கண்ணாடி, நல்ல கண்ணை மூடி தினமும் கொஞ்ச நேரம் பட்டை, அவ்வளவுதான் வைத்தியம்.

டாக்டர் ஸ்லிட் லேம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் காதுக்கு முன்னால் தோல் மரு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், முதுகெலும்பு பற்றிக் கேட்டார். கோல்டன்ஹார் என்ற பிறவிக் குறைபாட்டில் இவை சேர்ந்து வருமாம்.

கண்மேல் தெரிவதெல்லாம் டெர்மாய்டும் இல்லை. உள்ளே குட்டிக் குட்டி நீர்க்கொப்புளங்களோடு பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மச்சம், வயசுக்கு வரும் சமயத்தில் கறுக்கலாம், போட்டோ எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். வெள்ளைவிழியில் நுரை படிந்த மாதிரி திட்டு இருந்தால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம், அந்தி நேரத்தில் குழந்தை தடுமாறுகிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக, மேலே சிவப்புப் புள்ளிகளோடு இருந்தால் பாப்பிலோமா என்ற மருவாக இருக்கலாம், அது வைரஸால் வருவது, எடுத்தாலும் திரும்ப வரலாம். திடீரென்று சிவந்து, சின்னக் கொப்புளம் கிளம்பி, வெளிச்சம் பட்டாலே கூசினால் டாக்டர் டிபி டெஸ்ட் எழுதித் தரக்கூடும். கண்ணுக்கு எதற்கு அது என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கொப்புளம் டிபி கிருமிக்கு உடம்பு காட்டும் அலர்ஜியாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் கண்ணின் மேல்பரப்பு விஷயம். கருவிழி நடுவே இருக்கும் கறுப்பு வட்டம் உள்ளிருந்து வெள்ளையாகத் தெரிந்தால், ஃப்ளாஷ் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினால், அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகக்கூட இருக்கலாம். அதற்கு அப்பாயிண்ட்மென்ட் தேதி பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.